என்.பி.வி. அடித்து மூன்று நாள் ஆகியும் புழு சாகவில்லையா?

கேள்வி: நிலக்கடலையில் புரோடீனியா புழுவுக்கு என்.பி.வி. வைரஸ் அடித்து மூன்று நாள் ஆகிறது. புழு சாகவில்லை. சில புழுக்கள் முன்பைவிடப் பெருத்துத் தெரிகின்றன. கடைக்காரர் உடனே வேறு மருந்து அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா? – விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: இன்றைக்கு எதுவும் அடிக்காதீர்கள். இன்னும் நான்கு நாள் பொறுங்கள்.

என்.பி.வி. என்பது புழுவுக்கு நோய் தந்து கொல்லும் வைரஸ். அது மேலே பட்டதும் புழு சாகாது. இலையோடு சேர்த்து அதைத் தின்ன வேண்டும். குடலில் இருக்கும் காரத்தில் வைரஸின் புரத உறை கரைந்து, பிறகுதான் அது உடம்பெங்கும் பெருகும். சின்னப் புழுவுக்கே நான்கைந்து நாள் பிடிக்கும். பெரிய புழு என்றால் ஒரு வாரம் தாண்டும்.

பெருத்துத் தெரிவதற்கும் காரணம் இதுதான். நோயில்லாத புழு தோலுரிக்கும் முன் தீனியை நிறுத்திவிடும். நோய் கண்ட புழுவில் தோலுரிப்பைத் தூண்டும் ஹார்மோனை வைரஸே முடக்கிவிடுகிறது. அதனால் புழு அதே பருவத்தில் நின்றபடி சில நாள் தின்றுகொண்டே இருக்கும், உடம்பும் ஊதும். அதை வளர்ச்சி என்று எண்ண வேண்டாம். இலையைப் பெருமளவு காலி செய்வது கடைசிப் பருவப் புழு. இது அந்தப் பருவத்தை எட்டாது.

நான்காம் நாளிலிருந்து காலையில் வயலைச் சுற்றுங்கள். நோய் கண்ட புழு மந்தமாகி, தோல் வெளிறிப் பளபளக்கும். செடியின் நுனிக்கு ஏறி, பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். குச்சியால் தொட்டால் தோல் கிழிந்து பால்போல நீர் வடியும். அந்த நீர் பட்ட இலையைத் தின்னும் புழுக்களுக்கும் நோய் தொற்றும். மூன்றாம் நாள் வேறு மருந்தை அடித்தால் இந்தப் பரவல் அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு இரண்டு செலவு, கடைக்கு இரண்டு விற்பனை.

"காலையில் அடித்தால் மாலையில் புழு கொட்டும்" என்று சொல்லி வைரஸ் விற்பவரிடம் வாங்காதீர்கள். எந்த வைரஸும் அப்படிக் கொல்லாது. கொன்றால் உள்ளே ரசாயனம் கலந்திருக்கிறது என்று பொருள். அடுத்த மோசடி, ஆள் மாற்றி விற்பது. பச்சைக் காய்ப்புழுவின் வைரஸ் புரோடீனியாவைக் கொல்லாது. மக்காச்சோளப் படைப்புழுவின் வைரஸும் வேறு. பாட்டிலில் ஸ்போடாப்டிரா லிட்டுரா என்ற, புரோடீனியாவின் அறிவியல் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரைக் கடலை விவசாயி படிக்கும்படி தமிழில் பெரிதாக அச்சிடச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம் என்று தெரியவில்லை.

அளவை மில்லியில் கேட்காதீர்கள், எண்ணிக்கையில் பாருங்கள். வைரஸை எண்ணும் அலகு எல்.இ. பரிந்துரை ஹெக்டேருக்கு 250 எல்.இ., அதாவது ஏக்கருக்கு 100. ஒரு எல்.இ. என்பது 600 கோடி வைரஸ் உறைகள். மில்லிக்கு 100 கோடி இருக்கும் பாட்டில் என்றால் ஏக்கருக்கு 600 மில்லி வேண்டும். 600 கோடி என்றால் 100 மில்லி போதும். 200 லிட்டர் தண்ணீரில் அதைக் கலந்து, ஒரு கிலோ வெல்லத்தைக் கரைத்து, மருந்து இலையில் பரவ உதவும் டீப்பால் என்ற சோப்புத் திரவம் 200 மில்லி சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸைக் கெடுத்துவிடும். கடையின் கண்ணாடி அலமாரியில் வெயில் பட நின்ற பாட்டிலும் அப்படித்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்க்காதீர்கள். சுண்ணாம்பின் காரம் உறையைப் புழு தின்னும் முன்பே கரைத்துவிடும்.

கடைக்காரர் சொல்வது ஓரிடத்தில் மட்டும் சரியாகலாம். நீங்கள் அடித்த அன்றே புழுக்கள் ஓர் அங்குலத்தைத் தாண்டியிருந்தால் வைரஸை நம்பிப் பயனில்லை. அது இலையிலேயே தெரியும். பச்சையம் சுரண்டப்பட்டு இலை சல்லடைபோல வெளுத்திருந்தால் புழு சின்னது. நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் பெரியது. பெரிய புழுவில் சில சாகும் முன்பே மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். கூடு சிறுத்து, அந்துப்பூச்சி ஊனமாக வரலாம், முட்டையும் குறையலாம். அடுத்த தலைமுறைக்கு அது நல்லது, உங்கள் இலைக்கு அல்ல. பெரிய புழு பகலில் மண்ணில் பதுங்கி இரவில் தின்பதால் தெளிப்பைவிட நச்சுத்தீனி நன்றாகப் பிடிக்கும். ஏக்கருக்கு 5 கிலோ தவிடு, அரை கிலோ வெல்லம், 3 லிட்டர் தண்ணீர். இதில் சேர்க்கும் மருந்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் கலந்து, மாலையில் உருண்டையாகப் போடுங்கள். கோழியும் நாயும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நச்சுத்தீனிக்கென்று பழைய துண்டறிக்கைகளில் உள்ள கார்பரில் என்ற பூச்சிக்கொல்லி 2018-லேயே தடை செய்யப்பட்டது. இன்னும் அதைத் திருத்தாமல் கொடுக்கிறார்கள்.

சல்லடை இலைதான் உங்கள் வயலில் என்றால், முதல் தெளிப்பிலிருந்து பத்தாம் நாள் புதிய முட்டைக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு ரோமம் மூடி இலையில் ஒட்டியிருக்கும். இருந்தால் இலையோடு கிள்ளி அழித்துவிட்டு, அன்று மாலையே அதே அளவில் இரண்டாம் முறை வைரஸ் அடியுங்கள்.