ஐமாக்ஸ் ஃபிலிம் படம் அவ்வளவு தெளிவாக இருப்பது திரை பெரிது என்பதாலா?

இல்லை. திரையை மட்டும் பெரிதாக்கினால் படம் மங்கிப் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். சூட்சுமம் ஃபிலிமில் இருக்கிறது. வழக்கமான 70 எம்.எம். படச்சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேம்) ஓரத்தில் 5 துளைகள். ஐமாக்ஸில் அதே சுருளைப் படுக்கைவாட்டில் ஓட்டி, ஒரு சட்டத்துக்கு 15 துளைகள் ஒதுக்கினார்கள். சட்டம் சுமார் 70 மி.மீ. அகலம், 48 மி.மீ. உயரம். சாதாரண 35 எம்.எம். சட்டத்தைப்போல எட்டு ஒன்பது மடங்கு பரப்பு!

இவ்வளவு பெரிய சட்டத்தை ப்ரொஜெக்டரில் நொடிக்கு 24 முறை இழுத்து நிறுத்தினால் ஃபிலிம் கிழிந்துவிடும். இதற்குத் தீர்வு தந்தவர் ஆஸ்திரேலியரான ரான் ஜோன்ஸ். அவருடைய 'ரோலிங் லூப்' முறையில் ஃபிலிம் கம்பளிப்புழு ஊர்வதுபோல அலையாக நகரும். ஒவ்வொரு சட்டமும் ஊசிகளில் அமர, வெற்றிடம் அதை லென்ஸோடு ஒட்டி இழுத்துப் பிடிக்கும். படம் இம்மியும் ஆடாது. எனக்கு இந்த இயந்திரம் திரையைவிடப் பெரிய அதிசயம்.

1970 ஒசாகா உலகக் கண்காட்சியில்தான் இது முதலில் மக்கள் முன் வந்தது. அடுத்த ஆண்டே டொராண்டோவில் நிரந்தரத் திரையரங்கு.

செலவும் சுமையும் அதிகம். நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் ஃபிலிம் ஓடும். மூன்று மணி நேரப் படமான 'ஓப்பன்ஹைமர்' பிரதி சுமார் 18 கி.மீ. நீளம், 270 கிலோ எடை. படப்பிடிப்புக் கேமராவின் இரைச்சலில் வசனப் பதிவும் பெரும்பாடு. பெரும்பாலான ஐமாக்ஸ் அரங்குகள் இன்று டிஜிட்டலுக்கு மாறியது பிரதியின் செலவாலும் சுமையாலும்தான்.