ஊக்கமா, நம்பிக்கையா?

அன்புள்ள ஐயா,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர். மறுபடி எழுதியும் தேறவில்லை. கல்லூரியில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை அழைத்து வருகிறார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. மறுநாள் புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. எனக்குச் சாதிக்கும் வேகம் இல்லையா, நம்பிக்கை இல்லையா?

(பெயர் வெளியிட விரும்பாத மாணவர்)

அன்புள்ள தம்பி,

வேகம் இல்லாதவர் தேறாத பாடத்துக்காக இவ்வளவு வருந்தி எழுத மாட்டார். உங்களிடம் குறைந்திருப்பது, இந்தக் கணக்கை என்னால் போட முடியும் என்ற நம்பிக்கை. முடியாது என்று உள்ளுக்குள் தீர்மானித்துவிட்ட காரியத்தில் யாருக்கும் மனம் ஊன்றாது. வேகமும் மெல்ல வற்றிவிடும்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் நான்கு வழிகளைச் சொன்னார். பிறர் தரும் உற்சாகப் பேச்சும் அதில் ஒன்றுதான். ஆனால் நாமே செய்து முடித்த அனுபவத்துக்கு இருக்கும் வலு அதற்கு இல்லை. 1981-ல் அவரும் டேல் ஷங்க்கும் கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளிடம் 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள். சிலரிடம் ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கலாம் என்றார்கள். வேறு சிலரிடம் கடைசிக்குள் 42 பக்கமும் முடிக்கலாம் என்றார்கள். ஆறாறு பக்கமாகப் போட்ட பிள்ளைகளுக்குக் கணக்கும் வந்தது, நம்பிக்கையும் வந்தது. அதுவரை பிடிக்காத கணக்கில் ஆசையும் பிறந்தது. உங்கள் கேள்விக்கு இதுவே என் பதில். வேகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"இந்த முறை எப்படியும் கிளியர் பண்ணிடணும்" என்ற சபதத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கணிதத்தில் அணிகள் (மேட்ரிக்ஸ்) பகுதியை மட்டும் எடுங்கள். அதன் அடிப்படை பிளஸ் டூவில் தமிழில் படித்ததுதான். பாதி தெரிந்த, பாதி தெரியாத கணக்காகப் பார்த்து, விடையைப் பார்க்காமல் கடைசி வரி வரை போடுங்கள். முழுக்கத் தெரிந்ததைத் திரும்பப் போடுவதில் நம்பிக்கை வளராது.

கல்லூரிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் பேச்சாளருக்குத் தரும் மதிய வேளையில் ஒரு ஆசிரியர் அரியர் வைத்தவர்களோடு உட்கார்ந்து, தமிழிலேயே விளக்கி, கணக்குப் போட வைக்கலாமே. அது நடக்கும்வரை, தமிழ் வழியில் வந்து இதே பேப்பரைத் தேறிய ஒரு சீனியரைத் தேடிப் பிடியுங்கள். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் பண்டூரா சொன்ன நான்கில் ஒன்று. அவர் எங்கெங்கே தடுமாறினார் என்பதையும் கேளுங்கள்.

அன்புடன்