பறக்கும்போது விமானிக்கு வானிலை எப்படித் தெரிகிறது?

விமானி தான் சந்தித்த குலுக்கல், இறக்கையில் பனி உறைதல், மேக உயரம் போன்றவற்றை வானொலியில் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்வதைப் ‘பைரெப்’, அதாவது விமானி அறிக்கை என்பார்கள். விமான நிலையக் கருவிகள் ஓடுபாதையைச் சுற்றித்தான் அளக்கும்; 35,000 அடியில் எப்படி என்று அங்கே இருப்பவர் சொன்னால்தான் உண்டு. சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் முன்னால் போன டாக்சி அண்ணன், “தோ பாயோ பக்கம் ஜாம், சுத்திப் போ” என்று கூட்டாளிக்குச் சொல்வாரே, அது மாதிரி.

சரி, விமானிக்குத் தகவல் வருவது எப்படி? சாங்கி விமான நிலையத்தில் இறங்குமுன் ‘ஏடிஸ்’ என்ற தானியங்கி ஒலிபரப்பு கிடைக்கும்: காற்று, பார்வைத் தூரம், எந்த ஓடுபாதை என்று. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆல்ஃபா, பிராவோ என்று ஓர் எழுத்து. “பிராவோ கிடைத்தது” என்றாலே, அவரிடம் இருப்பது புதியதா பழையதா என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். நடுக்கடலில் ‘ஏகார்ஸ்’ என்ற தரை-விமானச் செய்தி இணைப்பு வழியே எழுத்தாக வரும். பல விமானங்களில் அதை மளிகைக்கடை ரசீது போலக் குட்டி அச்சுப்பொறி துப்பும். சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று கிளம்பும் விடியற்காலைகளில் அந்தத் துண்டுத்தாளுக்குத் தனி மதிப்பு.

மூக்கிலுள்ள ரேடார் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பார்ப்பது மழைத்துளியைத்தான், மேகமே இல்லாத வானத்தின் குலுக்கல் அதன் கண்ணில் படாது.