கேரக்டருக்கு மார்க் போடுவது யார்?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். மகளை ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் 'பிரெப்' பள்ளி (கல்லூரிச் சேர்க்கைக்கென்றே தயார்படுத்தும் பள்ளி) ஒன்றில் சேர்க்கப் போகிறானாம். வருடத்துக்கு 40,000 டாலர். ஹார்வர்டு மாதிரி இடங்களில் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்களாம், கேரக்டரையும் பார்ப்பார்களாம். இந்தப் பள்ளியில் கேரக்டரை நன்றாக வளர்த்துவிடுவார்கள் என்கிறான். சேர்க்கலாமா? – வாசகி, கரூர்.

பதில்: பணத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் 'கேரக்டர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்.

வரன் பார்க்கும் வீட்டார் எதிர்வீட்டுக்குப் போய் "பொண்ணு கேரக்டர் எப்படி?" என்று விசாரிப்பார்கள். எதிலும் ஒத்துவராத ஆளைப் பார்த்தால் "அது தனி கேரக்டருங்க" என்போம். கதாநாயகனாக நடித்தவர் வயதானதும் கேரக்டர் ரோலுக்கு வருவார். இத்தனை அர்த்தம் உள்ள சொல், பள்ளிக்கூடத்து டி.சி.யில் மட்டும் 'நன்று' என்று ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேசையில் பெயர் செதுக்கியவனுக்கும் நன்று, அவனைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் நன்று.

என் டி.சி.யில் அப்படி இல்லை. 'திருப்தி' என்று எழுதியிருந்தார்கள். பிளஸ் டூ படிக்கும்போது, குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அதற்காகத்தான். கல்லூரியில் சேரப் போனபோது எழுத்தர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "என்ன தம்பி பண்ணினே?" என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நடத்தைச் சான்றிதழே வேண்டாம் என்று இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் என்னைக் கண்டித்துக் கடிதம் போட்டார்கள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் குணத்தைக் கட்டம் போட்டு எழுதுகிற அதிகாரத்தை யாரிடம் கொடுத்தாலும், எழுதுகிறவருக்குப் பிடித்த குணம்தான் நல்ல குணமாகும்.

இதற்கு ஹார்வர்டை விட நல்ல சாட்சி கிடையாது. நூறு வருடங்களுக்கு முன் அங்கே நுழைவுத் தேர்வில் தேறினால் பெரும்பாலும் இடம் உறுதி. க்ராட்டன், செயின்ட் பால்ஸ் போன்ற விடுதிப் பள்ளிகளில் படித்த பணக்கார வீட்டுப் பையன்கள் வழக்கமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் தேர்வு எல்லோருக்கும் பொது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்து அதே தேர்வில் தேறி வந்தார்கள். 1922-க்குள் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெலுக்கு அது பொறுக்கவில்லை. யூதர்களுக்கு 15 சதவீத உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தார். பேராசிரியர்கள் எதிர்த்ததால் நேரடியாக முடியவில்லை.

அதே 1922-ல் விண்ணப்பப் படிவத்தில் சில கேள்விகள் முளைத்தன. அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் என்ன? அப்பா பிறந்த ஊர் எது? பிறந்த பிறகு உங்கள் பெயரோ அப்பாவின் பெயரோ மாற்றப்பட்டதா? மாற்றப்பட்டிருந்தால் முழுமையாக விளக்கவும். "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று நம் பக்கம் கேட்பார்களே, எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அது அச்சடித்த படிவத்தில் வந்தது, அவ்வளவுதான். 1926-ல் புகைப்படமும் கட்டாயமானது. மார்க்கோடு சேர்த்து 'கேரக்டர்' பார்க்கப்படும் என்றார்கள். அடுத்த சில வருடங்களில் யூத மாணவர் எண்ணிக்கை நன்றாகச் சரிந்தது. உங்கள் தம்பி சொல்கிற கேரக்டர் இந்த வாசல் வழியாகத்தான் கல்லூரி அட்மிஷனுக்குள் வந்தது.

சரி, இன்றைக்கு அந்தப் பள்ளியில் படித்தால் பயன் உண்டா? உண்டு. அதை மறைக்க மாட்டேன். 2023-ல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் என்ற மூன்று பொருளாதாரப் பேராசிரியர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. உட்பட 12 கல்லூரிகளைப் பற்றியது. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் ஒரே மார்க், ஒரே அளவு பெற்றோர் வருமானம் என்று வைத்துக்கொண்டாலும், வசதியான பகுதியின் அரசுப் பள்ளியில் படித்தவரைவிட மதம் சாராத தனியார் பள்ளியில் படித்தவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காக இருந்தது. அந்தப் பன்னிரண்டில், சேர்க்கைத் தரவைக் கொடுத்த ஒரு கல்லூரியில் கண்டது இது.

அந்தப் பிள்ளைகள் கூடுதலாக அறிவாளிகள் என்பதால் இல்லை. படிப்பு சாராத மதிப்பீட்டில், அதாவது கேரக்டர் வகையறாவில், அவர்களுக்கு அதிக மார்க். அதற்குப் பெரிய காரணம் ஆசிரியரும் பள்ளி ஆலோசகரும் எழுதும் சிபாரிசுக் கடிதம். அமெரிக்க அரசுப் பள்ளியில் ஓர் ஆலோசகருக்குச் சராசரியாக 350 பிள்ளைகளுக்கு மேல். பெயர் நினைவிருந்தாலே பெரிய விஷயம். பிரெப் பள்ளியில் கல்லூரிச் சேர்க்கைக்கென்றே ஆள் இருப்பார், அவருக்குச் சில பத்துப் பிள்ளைகள்தான். உட்கார்ந்து பேசி, கேட்டு, பக்கம் பக்கமாக எழுதுவார். உங்கள் தம்பி நான்கு வருடத்தில் கட்டப் போகிற 1,60,000 டாலரில் ஒரு நல்ல பங்கு அந்தக் கடிதத்துக்குப் போகிறது. இப்படிக் கூடுதல் மார்க் வாங்கியவர்கள் பிற்காலத்தில் மற்றவர்களைவிட மேலே வந்தார்களா? இல்லை என்கிறது அதே ஆய்வு.

ராஜ் செட்டியின் பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவரே மில்வாக்கியில் இப்படி ஒரு தனியார் பள்ளியில் படித்து ஹார்வர்டு போனவர். தான் ஏறிவந்த ஏணியின் படிகளை எண்ணி, எந்தப் படி யாருக்கு என்று உலகத்துக்குச் சொன்ன மனிதர். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

உங்கள் தம்பி மகள் ஆசிய வம்சாவளி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளிடம் சேர்க்கையில் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது போட்ட வழக்கு 2018-ல் விசாரணைக்கு வந்தபோது கல்லூரியின் உள்தரவு வெளியே வந்தது. படிப்பில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு நல்ல மார்க். 'ஆளுமை' என்ற தலைப்பில் குறைவு. நேரில் பேட்டி கண்ட பழைய மாணவர்கள் அப்படிக் குறைத்துப் போடவில்லை. குறைவாகப் போட்டது, பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்த்தே இராத சேர்க்கை அலுவலகம். வேண்டுமென்று பாகுபாடு காட்டியதாகக் கீழ்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அந்த இடைவெளி இருந்ததை யாரும் மறுக்கவில்லை. லோவெல் போட்ட கட்டம் இன்னும் அழியவில்லை என்றுதான் நான் படித்தேன்.

அவர்கள் இருப்பது டெக்சாஸ் என்பதை மறக்கக் கூடாது. 1997-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தன் பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்த உள்மாநில மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. போட்டி கூடியதால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அது 6 சதவீதமாகி, 2026-ல் சேர்பவர்களுக்கு 5 ஆகியிருக்கிறது. இதில் சிபாரிசு இல்லை, பேட்டி இல்லை, கேரக்டர் இல்லை. ரேங்க் மட்டும்தான். எல்லையோரக் கிராமத்துப் பள்ளியில் முதலாவதாக வந்த பெண்ணும் உள்ளே போகலாம். எனக்கு மிகவும் பிடித்த சட்டம். ஆனால் எல்லோரும் கெட்டியாகப் படிக்கிற சின்னப் பள்ளியில் முதல் 5 சதவீதம் என்றால் நூறு பேரில் ஐந்து பேர். ரேங்கே போடாத தனியார் பள்ளிகளும் உண்டு. ஹார்வர்டுக்கு வாய்ப்பைக் கூட்டுகிற அதே பள்ளி, ஆஸ்டினுக்கு உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைக் கெடுக்கலாம்.

எனவே பணம் கட்டுவதற்கு முன் தம்பியை அந்தப் பள்ளிக்குப் போய் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ரேங்க் போடுகிறீர்களா? ஓர் ஆலோசகருக்கு எத்தனை பிள்ளைகள்? போன வருடம் ஹார்வர்டு, யேல் என்று போனவர்களில், பெற்றோர் அங்கேயே படித்தவர்களையும் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்களையும் கழித்தால் மிச்சம் எத்தனை பேர்? மூன்றாவதற்கு எண்ணைச் சொல்லாமல் தோட்டத்தையும் நீச்சல் குளத்தையும் சுற்றிக் காட்டினால், காசோலைப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டும்.