பவுத்திர ஆபரேஷன் புண் எனக்கு ஆறுமுங்களா?

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லரா இருக்கேனுங்க டாக்டர். வயசு 38, எடை 48 கிலோ. எட்டு வருசமா ஹெச்ஐவிக்கு ஏஆர்டி கூட்டு மாத்திரை விடாம சாப்பிடறேன். போன மாசம் எதிர்ப்புச் சக்தியைக் காட்டற சிடி4 412, ரத்தத்துல வைரஸ் அளவைக் காட்டற வைரல் லோடு ‘கண்டறியப்படவில்லை’ன்னு வந்துதுங்க. ஆசனவாய்க்கு முன்பக்கம் கட்டி வந்து உடைஞ்சு, அஞ்சு மாசமா சீழ் கசியுது. ஸ்கேன்ல பவுத்திரம்னு சொல்லி ஆபரேஷனுக்கு வரச் சொல்றாங்க. ‘உனக்கெல்லாம் புண் ஆறாது’ன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊசியிலேயே சரி பண்றாங்களாமே, போகலாமுங்களா?

பதில்: ஆறும். சிடி4 50-க்கும் கீழே போனவர்களுக்கு ஆசனவாய்ப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பது உண்மை. ஊர்ப்பேச்சு ஏஆர்டி பரவலாகாத காலத்து நிலைமையைப் பார்த்துக் கிளம்பியது. உங்களைப் போல வைரஸ் அடங்கியிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே ஆறிவிடும்.

ஆசனவாய்க்குள் இருக்கும் சிறு சுரப்பியில் சீழ் பிடித்து, அது தோல்வரை குடைந்துகொண்ட வழிதான் பவுத்திரம். உள்வாய் திறந்திருக்கும்வரை ஆன்டிபயாட்டிக் கசிவைக் குறைக்குமே தவிர வழியை மூடாது. உடம்புச் சூட்டாலும் வரவில்லை, மெஷினில் உட்கார்ந்ததாலும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு ஊசி வேண்டவே வேண்டாம். எரிக்கும் மருந்தை உள்ளே விட்டால் மலத்தை அடக்கும் சுருக்குத் தசை வெந்து, ஆசனவாய் சுருங்கிப்போகும். அதன்பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

உங்களைப் போன்ற பெண்களுக்கு முன்பக்கத்தில் அந்தத் தசை குட்டையானது. அங்கே வழியை ஒரேயடியாக வெட்டித் திறந்தால் காற்றும் மலமும் அடக்க முடியாமல் போகலாம். அதனால் உங்கள் சர்ஜன் வழிக்குள் நூல் கோத்துத் தளர்வாகக் கட்டிவிடலாம் என்றால் சரி என்று சொல்லுங்கள். சீழ் தேங்காமல் வடிய அந்த நூல் உதவும். வாரக்கணக்கில் இருக்கும், லேசாகக் கசியும், அது கோளாறல்ல.

ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியிலிருந்து எடுக்கும் சதையை இரண்டு பாட்டிலில் அனுப்ப வேண்டும்: ஒன்று ஃபார்மலினில் பயாப்ஸிக்கு, இன்னொன்று வெறும் சலைனில், டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. நம் ஊரில் ஆறாத பவுத்திரத்துக்குப் பின்னால் டிபி ஒளிந்திருப்பது அபூர்வமல்ல. டிபி என்று வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால், ஏஆர்டி சென்டரில் உடனே சொல்லுங்கள். ஏஆர்டி மாத்திரையில் இருக்கும் டொலுடெக்ராவிர் மருந்து 50 மில்லிகிராமை ஒருவேளைக்குப் பதில் இருவேளை தர வேண்டியிருக்கும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், கட்டுப்படாத சர்க்கரை, அடங்கிய ஹெச்ஐவியைவிடப் புண்ணைக் கெடுக்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் மாத்திரைதான். ஆபரேஷன் நாளில் வெறும் வயிறாக இருக்கச் சொன்னாலும் ஏஆர்டி மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கலாம். மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும். நீங்கள் சாப்பிடுவது டொலுடெக்ராவிர் கலந்த மாத்திரையாகத்தான் இருக்கும், அட்டையைப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அல்சர் சிரப்பும் இரும்புச்சத்து, ஜிங்க் மாத்திரையும் எழுதித் தருவார்கள். இவற்றைச் சேர்த்து விழுங்கினால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஏறாது. ஏஆர்டியை முதலில் போட்டு, 2 மணி நேரம் கழித்து இவற்றை எடுங்கள். இவற்றை முதலில் எடுத்துவிட்டால் 6 மணி நேரம் காத்திருங்கள்.

புண் அடியிலிருந்து மேலே நிரம்பி வர வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் உள்ளே மறுபடி சீழ்தான். வாரம் ஒருமுறை சர்ஜனிடம் காட்டச் சொல்வது அதற்குத்தான். செக்கச்செவேலென்று பொடிப்பொடியாகச் சதை வந்தால் நல்லது. சாம்பல் நிறமும் நாற்றமும் இருந்தால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சலைனில் நனைத்த காஸ் துணியை மெல்ல வைத்தால் போதும். திணித்து அடைத்தால் வடிய வழியில்லாமல் போகும். மலம் கழித்த பிறகும் படுக்கும் முன்பும் அகன்ற டப்பில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 10–15 நிமிடம் உட்காருங்கள். டெட்டால் கலக்காதீர்கள், புதுச்சதை பொசுங்கிவிடும்.

மலம் இறுகக் கூடாது. இரவில் இரண்டு டீஸ்பூன் இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். அரிசிம்பருப்புச் சோறு மட்டும் சாப்பிட்டால் புரதம் பற்றாது. உங்கள் எடைக்கு நாளுக்கு 60–70 கிராம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் கிடைக்கும். மீதிக்குக் கொள்ளும் தயிரும் சேருங்கள். ‘கொள்ளு சூடு’ என்று ஒதுக்க வேண்டாம்.

எட்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். டிபி, சிபிலிஸ், ஹெர்பிஸ், அரிதாகப் புற்றுநோய் என்று தேட இடம் இருக்கிறது. காய்ச்சலோடு சிவப்போ கருப்போ முன்பக்கம் பரவினாலும், சிறுநீர் போகாமல் நின்றாலும், அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஹெச்ஐவி என்பதற்காக ஆபரேஷனை மறுக்க 2017-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை. மறுத்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்து கேளுங்கள். கம்பெனியில் யாரிடமும் ஹெச்ஐவியைச் சொல்லத் தேவையில்லை. இஎஸ்ஐ கார்டு இருந்து, பிடித்தம் ஒழுங்காகக் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புண் ஆறுமுன் மெஷினுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இருக்காது.