பிரமிடு நிழலில் தயிர்சாதம்

கேள்வி: குடும்பத்தோடு எகிப்து போகிறோம். அகழாய்வு நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது கல்லூரியில் படிக்கும் மகளின் ஆசை. நாங்கள் சைவம் என்பதால், சமையல்காரரையும் கூடவே அழைத்துவரும் டூர் கம்பெனியில் பணம் கட்டிவிட்டேன். மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு. “அங்கே போயும் தயிர்சாதமா?” என்று முறைக்கிறாள். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: மகள் பக்கம்.

அகழாய்வு என்றதும் நமக்குத் தங்க முகமூடிதான் கண்ணில் தெரியும். குழியில் இறங்கி வேலை செய்கிறவர்கள் கையில் நாள் முழுக்க அகப்படுவதோ பானை ஓடு, அடுப்புச் சாம்பல், எலும்பு, கருகிய தானியம். ஒரு பழைய ஊரைத் தோண்டுவது பாதிக்கு மேல் அதன் அடுக்களையையும் குப்பைமேட்டையும் தோண்டுவதுதான். கீஸா பிரமிடுகளுக்குத் தெற்கே தொல்லியலாளர் மார்க் லேனரின் குழு 1991-இல் கண்டுபிடித்தது புதையல் அல்ல. பிரமிடு கட்டிய காலத்து ரொட்டிக் கூடங்கள். செங்கடல் கரையில் உள்ள பெரனிகே என்ற பழங்காலத் துறைமுகத்தில், கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அரிசியும் பச்சைப்பயறும் தேங்காயும்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. ஆகவே மூட்டை கட்டிக்கொண்டு போவதில் உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. ஆனால் அவர்கள் வியாபாரத்துக்குப் போனவர்கள். வேடிக்கை பார்க்க அல்ல.

பெரனிகே உங்கள் டூரில் இருக்காது. லக்ஸர் இருக்கும். அங்கே அரசர்களைப் புதைத்த மன்னர் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலேயே டெய்ர் எல்-மெதினா. அரச கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்களின் ஊர். இடுப்பளவுச் சுவர்களோடு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், கடைசியில் சமையல்கட்டு, மாடிப்படி, நிலவறை. சம்பளம் கோதுமையும் பார்லியும். யார் ஏன் வேலைக்கு வரவில்லை என்று ஓட்டுச்சில்லிலும் கல்லிலும் எழுதிவைத்த கணக்குகள் இருக்கின்றன. தேள் கொட்டியது ஒரு காரணம், பீர் காய்ச்சப் போனது இன்னொரு காரணம். மூன்றாம் ராம்செஸ் ஆண்ட 29-ஆம் ஆண்டில் படியளப்பது தாமதமானபோது, பசி தாளவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள். இதையெல்லாம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறி வத்தக்குழம்பு சாப்பிடுவேன் என்றால், சாப்பிடுங்கள், மகளை வற்புறுத்தாதீர்கள்.

சைவம் என்பது சாக்கு. எகிப்தின் அன்றாடச் சாப்பாட்டில் கணிசமான பங்கு சைவம். ஃபூல் என்பது இரவெல்லாம் மெல்லிய தீயில் வெந்த மொச்சை வகைப் பயறு. சீரகம், எண்ணெய், எலுமிச்சை சேர்த்துக் காலையில் ரொட்டியோடு தருவார்கள். அதே பயறைக் கீரையோடு அரைத்துப் பொரித்தால் தாமேயா. நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கொஷாரியில் அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, மேலே முறுகலாக வறுத்த வெங்காயம். முலுகியா கீரையை மட்டும் விசாரித்துச் சாப்பிடுங்கள், பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். சந்தேகம் வந்தால் “ஸியாமி” என்று கேளுங்கள். காப்டிக் கிறித்தவர்களின் விரத உணவு அது. இறைச்சியோடு பாலும் முட்டையும்கூட விலக்கு. வருடத்தில் 200 நாளுக்கு மேல் விரதம் இருக்கிறவர்கள் அவர்கள். நம் கார்த்திகை சோமவாரக்காரர்கள் கொஞ்சம் அடக்கிவாசிக்கலாம்.

வயதான அம்மா கூட வந்தால் அவருக்குத் தயிர்சாதம் இருக்கட்டும், தவறில்லை. குழாய்த் தண்ணீர் யாருக்கும் வேண்டாம்.

கட்டிய பணம் போனது போகட்டும். கம்பெனியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டெய்ர் எல்-மெதினா பட்டியலில் இருக்கிறதா? லக்ஸரில் காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்? மன்னர் பள்ளத்தாக்கு ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது. இட்லி வெந்து, சட்னி அரைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கும்.