மூட்டுவாதமும் இயலாமை வீதமும்: வாசிகசாலையில் கேட்டவைக்குப் பதில்

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் லோயரும் இல்லை, டாக்குத்தரும் இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குக் காசு வாங்காமல் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒரு மேசையில் 11 வருடம் இருந்துவிட்டு, போன வருடம் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தவன். ஊரில் அந்தப் படையில் இருந்து திரும்பியவர்களும், பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறவர்களும் நான் நினைத்ததைவிடக் கூட. சனிக்கிழமை வாசிகசாலையில் கேட்டதையும் பேந்து வட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

கோண்டாவில், முன்னாள் சிப்பாய்: அண்ணை, நான் 2003இல் சேர்ந்தேன். 2007இல் மூட்டுகள் வீங்கி இறுகுகிற முடக்குவாதம் என்று சொல்லி 20 வீதம் போட்டு, ஒரு தொகைக் காசைக் கையில் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் வீ.ஏ. அதே நோய்க்கு 40 வீதம் போட்டது. ஒரே ஆள், ஒரே முழங்கால், எப்படி இரண்டு கணக்கு?

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்தக் கூட்டத்தை வைத்திருக்கலாம். வீதம், அதாவது நோய் ஒருவரை எவ்வளவு இயலாதவராக்கியது என்ற கணக்கு, போடுகிற இடம் இரண்டு. படை தன் சபையை வைத்து, உங்களை வேலைக்கு உதவாதவராக்கிய நோய்க்கு மட்டும் போடும். வீ.ஏ., அதாவது முன்னாள் படைவீரர் திணைக்களம், சேவையால் வந்த எல்லாவற்றுக்கும் போடும். பாவிக்கவேண்டிய அட்டவணை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் 2008க்கு முன் படைப்பிரிவுகள் தங்கள் உள்விதிகளையும் கலந்து பாவித்தன, வீதம் குறைந்தது. 20 வருடம் முடிக்காத ஒருவருக்கு 30 தான் கோடு. 30 என்றால் ஓய்வூதியம், குடும்பத்துக்கு மருத்துவக் காப்புறுதி. 20 என்றால் ஒரு தொகைக் காசு, சரி போய்வா. உங்களுக்கு நடந்தது அதுதான்.

இந்தக் குறையைப் பார்க்கத்தான் அமெரிக்கக் காங்கிரஸ் 2008 பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு மீளாய்வுச் சபையை உருவாக்கியது. 2001 செப்டெம்பர் 11 முதல் 2009 டிசெம்பர் 31 வரை 20 வீதமோ குறைவோ பெற்று, ஓய்வூதியம் இல்லாமல் போனவர்களுக்கு அது. வீதத்தைக் கூட்டலாம் அல்லது அப்படியே விடலாம், குறைக்க முடியாது. பிறகு அந்தச் சபையை மூடி மிச்ச வேலையைப் படைப் பதிவேட்டுத் திருத்தச் சபைக்கு மாற்றவும் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. ஆகவே இப்போது எது விண்ணப்பம் வாங்குகிறது என்று முதலில் எழுதிக் கேளுங்கள். திருத்தச் சபை என்றால் டீடீ 149 படிவம். பிழையைக் கண்ட நாளிலிருந்து மூன்று வருடம் என்பது பொது விதி, நியாயம் கருதி அதைத் தள்ளி வைக்கிற அதிகாரமும் சபைக்கு உண்டு. பிந்தியதற்குக் காரணத்தை நேர்மையாக எழுதுங்கள். "இப்படி ஒரு வழி இருக்கிறதென்றே எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பதும் காரணம்தான், உண்மையாக இருந்தால்.

ஒன்றை மனதில் பதியுங்கள். சபை இன்றைய உங்கள் முழங்காலைப் பார்க்காது. 2007இல் நீங்கள் வெளியேறிய நாளில் அது எப்படி இருந்தது என்பதையும், அன்று இருந்த விதியையும்தான் பார்க்கும். அதனால்தான் அந்த ஆறு மாத வீ.ஏ. பரிசோதனை உங்களுக்குத் தங்கம். வெளியேறி ஒரு வருடத்துக்குள் எடுத்த அளவு என்றால், வெளியேறிய நாளுக்குக் கிட்டிய சாட்சியாக அதை வைக்கலாம். போன மாதம் எடுத்த எக்ஸ்றேயை அனுப்பிப் பிரயோசனம் இல்லை.

அதே ஆள் மறுபடியும்: 20ஐ எப்படி 30க்கு மேலே கொண்டுபோவது? நோய் அதே நோய்தானே.

முடக்குவாதத்துக்கு அட்டவணையில் எண் 5002. 2021 பெப்ரவரியில் அதன் தலைப்பைப் பல மூட்டு வாதம் என்று மாற்றி எழுதினார்கள், உங்களுக்குப் பழைய வாசகம்தான். அதில் இரண்டு வழி. முதல் வழி, நோய் எரிந்துகொண்டிருக்கும்போது போடுவது: வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வீங்கிக் கிடந்தால் 20. ஆளை முடக்கிப் போடுகிற மாதிரி மூன்று தடவையோ அதற்கு மேலோ என்றால், அல்லது உடல்நலம் திட்டமாகப் பாதித்திருக்கிறது என்று பரிசோதனை காட்டினால் 40. கடுமையாக நாலு தடவையோ அதற்கு மேலோ என்றால், அல்லது எடை குறைந்து இரத்தச்சோகையும் வந்து உடம்பு நன்றாக விழுந்திருந்தால் 60. எழும்பவே முடியாத நிலை 100.

இரண்டாவது வழியைத்தான் பலர் தவற விடுகிறார்கள். நோய் விட்டுப்போன சேதத்துக்கு மூட்டு மூட்டாகப் போடுவது. ஒரு மூட்டின் அசைவு, தனியாக வீதம் கிடைக்கிற அளவுக்குக் குறையாவிட்டாலும், வீக்கமோ தசை இறுக்கமோ வலியோடு அசைகிறது என்பதோ பரிசோதனையில் உறுதியானால், பெரிய மூட்டு ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டு வழியையும் கூட்ட முடியாது, எது கூடவோ அது.

உங்கள் பைலைப் பார்த்தேன். இரண்டு முழங்கால், இரண்டு மணிக்கட்டு, நாலிலும் வலியோடு அசைவு என்று 2007லேயே எழுதியிருக்கிறது. படையின் சபை முதல் வழியில் 20 போட்டுவிட்டு இரண்டாவது வழியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாலு பத்தைக் கூட்டினால் 40 என்று நினைக்காதீர்கள், இவர்கள் கூட்டல் வேறு. ஒரு கடகத்தில் 100 கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கிறது என்று வையுங்கள். முதல் மூட்டு 10ஐ எடுக்கும், மிச்சம் 90. அடுத்தது அந்த 90இல் பத்திலொன்று எடுக்கும், மிச்சம் 81. இப்படி நாலு மூட்டும் எடுத்தால் ஏறக்குறைய 34 போயிருக்கும். இரண்டு கையும் இரண்டு காலும் பாதித்ததற்கு அந்த 34இல் பத்திலொன்றை மேலதிகமாகச் சேர்த்தால் 37 சொச்சம், கிட்டிய பத்துக்கு மாற்றினால் 40. அந்த மேலதிகத்தை விட்டாலும் 30 வருகிறது. நீங்கள் எழுதவேண்டிய வாதம் இந்த ஒரு பந்திதான். எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினீர்களே, அதில் இது மட்டும் இல்லை.

உரும்பிராய், மனைவி: 30 கிடைத்தால் படை ஓய்வூதியமும் வீ.ஏ. காசும் இரண்டும் வருமா?

வராது அக்கா. 20 வருடம் முடிக்காமல் நோயால் ஓய்வு பெற்றவருக்கு வீ.ஏ. காசு வருகிற அளவுக்கு ஓய்வூதியத்தில் வெட்டு விழும். போரோடு தொடர்புள்ள காயம் என்றால் வேறொரு கொடுப்பனவு இருக்கிறது, முடக்குவாதத்தை அதற்குள் கொண்டுபோவது கஷ்டம். முன்பு வாங்கிய தொகைக் காசையும் கழிப்பார்கள். கையில் பெரிய காசு வரும் என்று மாடி கட்ட அத்திவாரம் வெட்டாதீர்கள். உங்களுக்கு உண்மையான லாபம் ட்ரைகெயார் என்கிற குடும்பக் காப்புறுதி. இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் காட்டிப் பிறகு கேட்டெடுக்கலாம். முடக்குவாதத்துக்கு ஊசி மருந்து விற்கிற விலைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மானிப்பாய், மனைவி: இவர் விடியக் காலையில் பல்லுத் தீட்டக்கூட விரலை மடக்கமாட்டார், தேத்தண்ணிக் கோப்பையை நான்தான் பிடிக்கவேண்டும். பரிசோதனைக்குப் போனது பின்னேரம் இரண்டு மணிக்கு. எல்லாம் நன்றாக அசைகிறது என்று எழுதிவிட்டார்கள்.

முடக்குவாதத்தின் குணமே அதுதான், காலையில் இறுகும், வெயில் ஏற இளகும். இரண்டு மணிக்குக் கோணமானி வைத்து அளந்தால் ஆள் நல்ல ஆள். அதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. 1995இல் டெலூக்கா என்ற வழக்கில், வலியாலும் நோய் கிளம்பும் நேரத்திலும் எவ்வளவு இயக்கம் இழக்கிறார் என்பதையும் பரிசோதகர் எழுதவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்கள் அறிக்கையில் அந்தப் பகுதி வெறுமையாக இருந்தால், பரிசோதனை போதாது என்று எழுதிக் கேட்கலாம்.

நீங்கள் செய்யவேண்டியது, ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த நாள், எத்தனை மணி வரை இறுக்கம், எந்த மூட்டு, அன்று என்ன செய்ய முடியவில்லை. "கடும் வலி" என்று எழுதாதீர்கள், அது எல்லாரும் எழுதுவது. "சேட்டுப் பொத்தான் நான் போட்டுவிட்டேன், சைக்கிள் பிறேக் பிடிக்க முடியாமல் சந்தையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார்" என்று எழுதுங்கள். அதை வைத்து நீங்களே சாட்சி சொல்லலாம், அதற்கு வீ.ஏ.யில் 21-10210 என்று படிவமே இருக்கிறது. பொண்டாட்டி சாட்சி எடுபடாது என்று யாரோ சொன்னார்களாம். கண்ணால் கண்டதைச் சொல்ல டாக்குத்தராக இருக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் மாற்றுங்கள்.

சுன்னாகம், தகப்பன்: மகனுக்கு முள்ளந்தண்டு இறுகுகிற நோய், அன்கைலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ். ரத்தத்தில் பரம்பரை ஜீன் இருக்கிறது, ஆகவே சேவையால் வந்ததில்லை என்று தள்ளிவிட்டார்கள். என்ரை அப்புவுக்கும் கூன்தான், பொய் சொல்ல ஏலாது.

பொய் சொல்லவேண்டாம் ஐயா, அப்புவின் கூன் வழக்கைக் கெடுக்காது. அந்த ஜீன், எச்எல்ஏ-பி27, உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. ஜீனோடு பிறப்பது வேறு, நோயோடு சேர்வது வேறு. சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் முதுகைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால், மகன் சுகதேகியாகச் சேர்ந்தார் என்றுதான் சட்டம் கொள்ளும். அதை உடைக்க அவர்கள் இரண்டையும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டவேண்டும்: நோய் முன்பே இருந்தது, சேவை அதைக் கூட்டவும் இல்லை. ஒன்றை மட்டும் காட்டினால் போதாது. ஆகவே சேர்ந்த அன்றைய பரிசோதனைத் தாளைத் தேடுங்கள். பழைய சேவைப் பதிவுகளுக்கு சென். லூயிஸ் நகரில் உள்ள பதிவு நிலையத்துக்கு எஸ்எப் 180 படிவத்தில் எழுதவேண்டும்.

வீதம் முன்னுக்குக் குனிகிற பாகையில் இருக்கிறது. நடு, கீழ் முதுகு 90 பாகை குனிந்தால் முழு அசைவு. 60க்கு மேல் 85க்குள் என்றால் 10, 30க்கு மேல் 60க்குள் என்றால் 20, முப்பதோ குறைவோ என்றால் 40. மகன் வலியைக் கடித்துக்கொண்டு நிலத்தைத் தொட்டுக் காட்டுகிற ஆள் என்றீர்கள். படையில் பழக்கிய பழக்கம். பரிசோதனை மேசையில் அது வேண்டாம், வலி தொடங்குகிற இடத்தில் "இங்கே வலிக்கிறது" என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள், அந்தப் பாகையும் அறிக்கையில் வரவேண்டும்.

திருநெல்வேலி, பெயர் சொல்ல விரும்பாதவர்: நல்லூர்த் திருவிழாவில் கோயிலைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்தேன். மச்சான் படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டான். எனக்கு 60 வீதம் இருக்கிறது. வெட்டுவார்களா?

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஒரு படத்தைப் பார்த்து அடுத்த நாள் வெட்ட முடியாது. கிடைக்கிற காசு குறையும் என்றால் முதலில் உத்தேச அறிவித்தல் அனுப்பவேண்டும், ஆதாரம் கொடுக்க 60 நாள், நேரில் பேசக் கேட்க 30 நாள். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே வீதத்தில் இருந்தால், ஒரு பரிசோதனையில் நன்றாக இருந்தார் என்பது போதாது, நிலையான முன்னேற்றம் காட்டவேண்டும். 20 வருடம் தாண்டினால் மோசடி இல்லாத வரை அதற்குக் கீழே இறக்க முடியாது. ஆனால் பிரதட்டை முடித்து எத்தனை நாள் படுக்கையில் கிடந்தீர்கள் என்பதையும் கிளினிக்கில் சொல்லி எழுதுவித்தீர்களா? அடுத்த வருடம் நின்று கும்பிடுங்கள், முருகன் கோபிக்கமாட்டார்.

நெல்லியடி, தம்பி: கொழும்பில் ஒருவர் வழக்கை வென்று தருவாராம், முதல் மனுவுக்கே வரும் காசில் 30 வீதம் கேட்கிறார்.

கொடுக்காதே. முதல் மனுவைத் தயாரிக்க யாரும் காசு வாங்கக்கூடாது என்பது சட்டம். ஒரு முடிவு வந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற சட்டத்தரணியோ முகவரோதான் வாங்கலாம், நிலுவையில் 20 வீதம் வரை நியாயம் என்று எடுத்துக்கொள்ளப்படும். படைவீரர் சங்கங்கள் சும்மா செய்கின்றன.

சாவகச்சேரி, தாய்: மகன் பிரித்தானிய ஆமியில். இதெல்லாம் அவருக்கும் பொருந்துமா?

இல்லை அம்மா, அது வேறு சட்டம். 2005 ஏப்ரல் 6க்கு முந்திய சேவையால் வந்தது என்றால் போர் ஓய்வூதியம், அதில் வீதம் உண்டு. அந்தத் திகதியிலோ பிறகோ என்றால் இயலாமை வீதம் இல்லை, 15 படிநிலை உள்ள இழப்பீட்டுத் திட்டம், பொதுவாக ஏழு வருடத்துக்குள் கேட்கவேண்டும். திகதியைப் பார்த்துவிட்டு மகனை என்னோடு கதைக்கச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அனுப்புகிறேன்.

கோப்பாய், முன்னாள் சிப்பாய்: வீ.ஏ. போன மாதம் முடிவு அனுப்பியது, வீதம் கூட்டவில்லை. இங்கே பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்தான் மருந்து எடுக்கிறேன், மெதொட்ரெக்சேற். அந்தக் கிளினிக் கொப்பியை அமெரிக்காக்காரன் பார்ப்பானா?

பார்ப்பான். எங்கள் டாக்குத்தர்மார் ஆங்கிலத்தில் எழுதுவது இந்த இடத்தில் வசதி. முடிவுத் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று வழி: புது ஆதாரத்தோடு மேலதிக மனு, புது ஆதாரம் இல்லாமல் மூத்த அதிகாரி மீளாய்வு, அல்லது மேன்முறையீட்டுச் சபை. உங்களிடம் கொப்பி இருக்கிறது, ஆகவே முதல் வழி. கொப்பியைக் கொடுக்காதீர்கள், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அதற்கு முன் நீங்களே ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். நான் பார்த்த கொப்பிகளில் பாதியில் ஒவ்வொரு மாதமும் ஒரே வரி, அதே மருந்து தொடரவும். நோயாளி வரிசையில் நாலு மணித்தியாலம் நின்று களைத்து, டாக்குத்தர் எப்படி என்று கேட்க "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார், அவரும் அதைத்தான் எழுதியிருப்பார். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போன மாதம் எத்தனை நாள் படுத்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். உட்கார்ந்த உடனே அந்தத் துண்டை நீட்டுங்கள், வணக்கம் பிறகு சொல்லலாம்.